கடதாசி சுற்றிய சன்னம்: பில்லி டிக்சனின் கதை

துவக்குச் சன்னத்துக்குக் கடதாசி சுற்றிய காலம் ஒன்று இருந்தது. பழந்துணி நாரிலிருந்து செய்த, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியக்கூடிய மெல்லிய தாள். அதை இணைகர வடிவில் வெட்டி, நனைத்து, ஈயச் சன்னத்தின் உடலைச் சுற்றிச் சரியாக இரண்டு சுற்று. தாளின் இரு முனைகளும் ஒன்றோடொன்று முட்ட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. மிஞ்சிய வாலை முறுக்கிச் சன்னத்தின் அடியில் இருக்கும் குழிக்குள் மடித்துவிடுவார்கள். காய்ந்ததும் தாள் சுருங்கி ஈயத்தோடு தோல் போல ஒட்டிக்கொள்ளும்.

யுத்தத்துக்குள் வளர்ந்த எனக்குச் சன்னம் என்றால் எங்கிருந்தோ வந்து விழுவது. சுவரில் ஓட்டை போடுவது. சிலருடைய உடம்பில் இன்றைக்கும் எடுக்க முடியாமல் இருப்பது. அதை ஒருவர் இரவில் நெருப்போரம் இருந்து, ஒரு வெற்றிலையை மடிக்கிற பொறுமையோடு செய்திருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

காணி தொடர்பான கட்டுரை ஒன்றுக்காக மற்ற நாடுகளில் அரசுகள் செய்துகொண்ட பழைய உடன்படிக்கைகளை வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அமெரிக்காவின் மெடிசின் லொட்ஜ் உடன்படிக்கை கண்ணில் பட்டது. 1867 ஒக்டோபரில் கன்சாஸ் மாநிலத்தில் ஓர் ஆற்றங்கரையில் கையெழுத்தானது. அரசின் பக்கத்திலிருந்து பொருட்களை ஏற்றிச் சென்ற வண்டிக்காரர்களில் ஒருவர் பதினேழு வயதுப் பையன். பெயர் பில்லி டிக்சன். ஏழு வருடங்களின் பின் அதே பையன், அதே உடன்படிக்கை தொட்ட நிலத்தில், கடதாசி சுற்றிய சன்னங்களோடு நிற்கிறார். அந்த இடைவெளி எனக்குப் பிடிபடவில்லை. அவர் தன் மனைவிக்குச் சொல்லி எழுதுவித்த வாழ்க்கை நூலைத் தேடி வாசித்தேன்.

டிக்சன் 1850 செப்டெம்பர் 25ஆம் திகதி, இன்று மேற்கு வேர்ஜீனியா எனப்படும் மாநிலத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதுக்குள் தாயும் தந்தையும் இறந்துவிட்டனர். மிசூரியில் இருந்த மாமன் ஒருவரின் வீட்டில் கொஞ்சக் காலம் இருந்தார். பிறகு அங்கிருந்தும் கிளம்பிவிட்டார். மிசூரி ஆற்றங்கரையில் விறகு வெட்டினார். மாட்டு வண்டி ஓட்டினார். கோவேறு கழுதைகள் பூட்டிய அரசாங்க வண்டிகளில் இராணுவ முகாம்களுக்குச் சாமான் கொண்டுபோனார். அமெரிக்க உள்நாட்டு யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. யாருமற்ற பிள்ளைகள் பலர் அந்த நாட்களில் மேற்கு நோக்கிப் போனார்கள். இவரும் அவர்களில் ஒருவர்.

மெடிசின் லொட்ஜில் அந்தப் பையன் கண்டது ஆயிரக்கணக்கான மனிதர்கள் கூடிய ஒரு பெரும் முகாம். கயோவா, கொமாஞ்சி, செயென், அரபாஹோ மக்களின் தலைவர்கள் வந்திருந்தனர். அவர்கள் இன்றைய ஒக்லஹோமாவில் ஒதுக்கப்பட்ட நிலத்துக்குப் போய்விட வேண்டும். பதிலுக்கு அரசு உணவும் உடையும் தரும். ஆர்கன்சாஸ் ஆற்றுக்குத் தெற்கே வழமைபோல வேட்டையாடலாம். ஆனால் அதில் ஒரு நிபந்தனை. வேட்டையாடப் போதுமான அளவு காட்டெருமைகள் அங்கே இருக்கும் வரையில்தான் அந்த உரிமை.

இந்த நிபந்தனையை நான் பல தடவை வாசித்தேன். உரிமை யாருடைய கையொப்பத்திலும் தங்கியிருக்கவில்லை. ஒரு மிருகத்தின் எண்ணிக்கையில் தங்கியிருந்தது. மிருகம் முடிந்தால், உடன்படிக்கையை யாரும் கிழிக்காமலே உரிமையும் முடிந்துவிடும்.

காட்டெருமை (அங்கே பைசன் என்பார்கள்) அந்தச் சமவெளி மக்களுக்கு வெறும் இறைச்சி அல்ல. தோல் கூடாரமாகியது. முடியோடு கூடிய தோல் போர்வையானது. நரம்பு நூலாகவும் எலும்பு கருவியாகவும் மாறின. மரமில்லாத அந்த வெளியில் காய்ந்த சாணம்தான் விறகு. எங்களுக்குப் பனை மாதிரி என்று சொல்லலாம். பனை நின்ற இடத்தில் நிற்கும், எருமை நடந்து திரியும் என்பது மட்டும் வித்தியாசம்.

1869 அளவில் டிக்சன் வேட்டைக்காரரானார். முதலில் முகாம்களுக்கும் புகையிரதப் பாதை வேலையாட்களுக்கும் இறைச்சிக்காகச் சுட்டார். 1871 அளவில் நிலைமை மாறியது. காட்டெருமைத் தோலைத் தொழிற்சாலை இயந்திரங்களின் பட்டிகளுக்கு ஏற்ற உறுதியான தோலாகப் பதனிடத் தோல் பதனிடுவோர் கற்றுக்கொண்டனர். 1872இல் புகையிரதம் கன்சாஸில் உள்ள டொட்ஜ் சிற்றி வரை வந்தது. தோலுக்குச் சந்தையும் உண்டு, ஏற்றிச் செல்ல வண்டியும் உண்டு. இறைச்சி வெளியிலேயே அழுகட்டும் என்று விட்டுவிடலாம். யாருமற்ற ஒரு இளைஞனுக்கு அதைவிட நல்ல உழைப்பு அங்கே இருக்கவில்லை. டிக்சன் தோல் உரிப்பவர்களைக் கூலிக்கு அமர்த்தி, தானே சுட ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் அந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தச் சமவெளியை வெறுமையாக்கியது பீரங்கியோ பெரும்படையோ அல்ல.

அவர்கள் விரும்பிப் பாவித்தது ஷார்ப்ஸ் கம்பனியின் துவக்கு. ஒரு தடவைக்கு ஒரு வெடிதான். கீழே இருக்கும் நெம்பை இழுத்தால் பின்பக்கம் திறக்கும். ஒரு ரவையைக் கையால் உள்ளே தள்ளி மூடிச் சுட வேண்டும். ஐந்து ஆறு கிலோ எடை சாதாரணம், அதற்கு மேலும் உண்டு. கையில் ஏந்திக் குறிபார்க்க முடியாத பாரம் என்பதால் இரண்டு தடிகளைக் குறுக்காகக் கட்டி நிலத்தில் ஊன்றி, அந்தக் கவையில் குழலை வைத்துச் சுடுவார்கள். 1872இல் வந்த ஐம்பது விட்டத் துவக்குக்கு வேட்டைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் பெரிய ஐம்பது. அதன் சன்னம் ஒன்று முப்பது கிராம் வரை நிறை. கையில் வைத்தால் ஒரு பெரிய தூண்டில் ஈயக்குண்டின் பாரம்.

கடையில் வாங்கும் ரவை விலை கூடியது. ஒரு பருவத்துக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். அதனால் வேட்டைக்காரர்கள் ஈயத்தைக் கட்டிகளாகவும் வெடிமருந்தைச் சிறு பீப்பாக்களாகவும் வாங்கி வண்டியில் கொண்டுபோனார்கள். பகலில் சுட்ட பித்தளைக் கோதுகள் எறியப்படவில்லை. எங்கள் ஊர்களில் யுத்தம் முடிந்த பிறகு கோதுகளைப் பொறுக்கிப் பழைய இரும்புக்காரருக்கு விற்றுச் சீவித்த குடும்பங்கள் இருந்தன. அங்கே சுட்டவரே பொறுக்கி இரவில் மறுபடி நிரப்பினார். செத்த மிருகத்திலிருந்து சன்னத்தைத் தோண்டி எடுத்து உருக்கியவர்களும் உண்டு.

வேலை இப்படி நடக்கும். கரி படிந்த கோதைக் கழுவிக் காயவைக்க வேண்டும். அடியில் இருக்கும், ஊசி குத்தினால் பொறி கக்கும் சின்ன மூடியைக் கழற்றிப் புதியதை இறுக்க வேண்டும். பிறகு கருமருந்து. நூறு பங்கில் வெடியுப்பு எழுபத்தைந்து, கரி பதினைந்து, கந்தகம் பத்து. அதை அள்ளிக் கொட்டினால் மணிகளுக்கிடையில் காற்று நிற்கும். ஒவ்வொரு வெடியும் ஒவ்வொரு விதமாகப் போகும். நிதானமானவர்கள் மெதுமெதுவாக ஊற்றி மருந்தை நெருக்கமாகப் படிய வைப்பார்கள். அதன்மேல் ஒரு மட்டைத் துண்டு. அதன்மேல் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த ஒரு வில்லை. இன்னொரு மட்டை. கடைசியாகக் கடதாசி சுற்றிய சன்னத்தை விரலாலேயே கோதின் வாய்க்குள் கொஞ்சம் அழுத்திவிடுவார்கள். வன்னியில் இடியன் துவக்குக்கு மருந்து போட்டுத் தும்பு வைத்து இடித்த பெரியவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதாக இராது.

கடதாசி எதற்கு? ஈயம் மெதுமையானது. வெடியின் சூட்டிலும் வேகத்திலும் இரும்புக் குழலில் உரசினால் ஈயம் படிந்துவிடும். படிந்தால் அடுத்த சன்னம் குறி தவறும். தாள் ஈயத்துக்கும் இரும்புக்கும் இடையில் நிற்கும். குழலின் உட்புறத்தில் முறுக்காக வெட்டிய தவாளிப்புகள் இருக்கும். மருந்து வெடிக்கும் உதையில் ஈயம் நசிந்து பருத்து அந்தத் தவாளிப்புகளுக்குள் நிரம்பிச் சுழலத் தொடங்கும். அப்போது தவாளிப்பின் விளிம்புகள் தாளை வெட்டிவிடும். குழல் வாயைத் தாண்டியதும் தாள் துண்டு துண்டாகி உதிரும். சன்னம் மட்டும் சுத்தமாகத் தன் வழியில் போகும். தாள் ஒட்டிக்கொண்டு போனால் சன்னம் தடுமாறும், சுற்றும்போதே கிழிந்தாலும் தடுமாறும். ஆகவே தாளின் தடிப்பு, சுற்றின் இறுக்கம், வால் மடிப்பு எல்லாவற்றிலும் கை பழக வேண்டும்.

கருமருந்து இன்னொரு தொல்லையும் தரும். எரிந்த மிச்சம் குழலுக்குள் கட்டியாகப் படியும். சில வெடிகளுக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் அடுத்த தாள் உள்ளே போகும்போதே கிழியும். வெயிலில், தண்ணீர் இல்லாத இடத்தில், மனிதர்கள் தங்கள் சிறுநீரையே ஊற்றிக் குழல் கழுவினார்கள்.

இவ்வளவு சிரத்தை எதற்கென்றால், காற்று தன் பக்கம் வீசும்படி படுத்திருக்கும் ஒருவர் இருநூறு, முந்நூறு யார் தூரத்திலிருந்து மந்தையை வழிநடத்தும் பசுவை முதலில் நுரையீரலில் சுடுவார். அது ஓடாது. நின்ற இடத்தில் மூக்கால் இரத்தம் வடிய மெல்லச் சாயும். மற்றவை அதைச் சுற்றி வந்து முகரும். அடுத்ததாக எது நகரப் பார்க்கிறதோ அதைச் சுடுவார். பயம் பரவாமல் ஒரு மந்தையை ஓர் இடத்திலேயே முடிக்கலாம். குறி தவறி ஒரு மிருகம் வலியில் ஓடினால் எல்லாம் ஓடிவிடும். அன்றைய கூலி போய்விடும். இரவில் சுற்றிய தாளின் பலன் அதுதான்.

இரண்டு மூன்று வருடங்களில் கன்சாஸ் பக்கம் முடிந்துவிட்டது. அழுகல் நாற்றமும் எலும்பும் மிஞ்சின.

அடுத்தது ஆற்றுக்குத் தெற்கே. டிக்சனின் நூலில் என்னை நிறுத்திய இடம் இதுதான். ஆர்கன்சாஸ் ஆற்றை வேட்டைக்காரர்கள் சாவுக்கோடு என்ற பொருளில் ஒரு பெயரால் அழைத்தார்கள் என்று அவரே சொல்கிறார். அதைத் தாண்டி யாரும் வேட்டைக்குப் போகக்கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாமல் போனவர்கள் அல்ல. வட கரையில் மிருகம் குறையக் குறையத் தென்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தாண்டினார்கள். தாண்டியதும் அந்தப் பெயர் இன்னும் தெற்கே இருந்த சிமரோன் ஆற்றுக்கு நகர்ந்தது. இன்னொரு வேட்டைக்காரரான ரைட் மூவர் பின்னாளில் சொன்னபடி, அவரும் நண்பரும் டொட்ஜ் படைமுகாமின் தளபதியிடம் போய், தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தான் ஒரு வேட்டைக்காரனாக இருந்தால் எருமை இருக்கிற இடத்தில்தான் வேட்டையாடுவேன் என்ற அர்த்தத்தில் அவர் பதில் சொல்லியிருக்கிறார். எழுத்தில் ஒரு உத்தரவும் இல்லை. தடுக்கவும் இல்லை. அதிகாரிகள் இப்படிப் பேசுவது எங்களுக்குப் பழக்கமான மொழி.

1874 வசந்தத்தில் டொட்ஜ் சிற்றியின் வியாபாரிகளும் வேட்டைக்காரர்களும் ஏறத்தாழ 240 கிலோமீற்றர் தென்மேற்கே போய், டெக்சாஸின் வட முனையில் கனேடியன் ஆற்றுக்கு அருகே கடைகள் போட்டார்கள். பழைய மண்கோட்டை ஒன்றின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் என்பதால் அந்த இடம் அடோபி வோல்ஸ் எனப்பட்டது. இரண்டு கடைகள், ஒரு சாராயக் கடை, ஒரு கொல்லன் பட்டறை. அந்தப் பகுதியை முன்பே பார்த்திருந்த டிக்சனும் போனார். இருபத்து மூன்று வயது.

மறுபக்கத்தில் ஒதுக்கப்பட்ட நிலத்தில் இருந்தவர்களுக்கு வாக்களித்த உணவு ஒழுங்காக வரவில்லை. பட்டினி. இசதாய் என்ற கொமாஞ்சி இளைஞர் ஒருவர் வெள்ளையரின் சன்னம் தைக்காத சக்தி தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். குவானா பார்க்கர் என்ற இளம் தலைவர் பல இன வீரர்களை ஒன்று திரட்டினார். அவருடைய தாய் சிறுவயதில் பிடிக்கப்பட்டு கொமாஞ்சிகளோடு வளர்ந்த ஒரு வெள்ளைப் பெண். எருமையை அழிப்பவர்களை அகற்றினால் எருமை மிஞ்சும் என்பதே அவர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1874 ஜூன் 27 விடியற்காலை தாக்குதல் நடந்தது. முந்திய இரவு சாராயக் கடைக் கூரையின் நடுமரம் வெடித்த சத்தத்தில் சிலர் எழும்பி அதற்கு முண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் விழித்திருந்தார்கள். இந்தக் கதையே ஒரு சோடிப்பு என்று சொல்பவர்களும் உண்டு. புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்த டிக்சன், தூரத்தில் மரங்களின் கருமையிலிருந்து ஏதோ பிரிந்து வருவதைக் கண்டார். பிறகுதான் அது நூற்றுக்கணக்கான குதிரைகள் என்று தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் இருபத்தெட்டு ஆண்களும் ஒரு பெண்ணும். வந்தவர்கள் எழுநூறு என்று பழைய கதை சொல்கிறது. பிற்காலத்தவர்கள் அதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

டிக்சனிடம் அன்று அவருடைய பெரிய ஐம்பது இல்லை. சில நாட்களுக்கு முன் கனேடியன் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளத்தில் பறிகொடுத்திருந்தார். கடையில் வாங்கிய சிறிய விட்டத் துவக்கோடு சண்டையிட்டார். சாராயக் கடையில் ரவை குறைந்தபோது, திறந்த வெளியால் ஓடி மற்றக் கடைக்குப் போனார். அங்கே ஒரு பெண்ணும் மிகச் சில ஆண்களுமே இருந்ததால் அங்கேயே நின்றுவிட்டார். கிட்டவந்த குதிரை வீரர்களை மண்சுவர் ஓட்டைகளுக்குள்ளால் நீட்டிய துவக்குகள் விழுத்தின. குவானாவும் காயப்பட்டார். உள்ளே இருந்தவர்களில் மூன்று பேர் அன்று கொல்லப்பட்டனர். சில நாட்களின் பின் அந்தப் பெண்ணின் கணவர், ஏணியில் இறங்கும்போது தன் துவக்கே வெடித்து, அவள் கண்முன்னே இறந்தார்.

டிக்சனைப் பிரபலமாக்கியது அதற்குப் பிறகு நடந்த ஒன்று. சண்டை ஓய்ந்து இரண்டு மூன்று நாளில், தூரத்து மேட்டில் ஒரு குதிரைக் கூட்டம் தெரிந்தது. கூட இருந்தவர்கள் டிக்சனை உசுப்பேற்றினர். அவர் சாராயக் கடைக்காரரின் பெரிய ஐம்பதை இரவல் வாங்கிக் குறிபார்த்துச் சுட்டார். நான்கைந்து விநாடிகளின் பின் ஒருவர் குதிரையிலிருந்து விழுந்தார். பின்னர் அளந்து 1,538 யார் என்றார்கள். ஏறத்தாழ 1,400 மீற்றர். அளவு சரியா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. அந்த வெடியைப் பற்றி இன்றைக்கும் துவக்குப் பிரியர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

டிக்சன் மட்டும் அதைப் பற்றிப் பெருமையடிக்கவில்லை. அது குருட்டு அதிர்ஷ்டம் என்பதே அவருடைய நிலைப்பாடு. அந்தத் தூரத்தில் ஒரு தனி மனிதனைக் குறிபார்க்கவே முடியாது, ஒரு கூட்டத்தை நோக்கித்தான் சுடலாம். இந்த ஒரு விடயத்தில் எனக்கு அவரைப் பிடித்தது. விழுந்தவர் யார், பிழைத்தாரா, வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்பதைப் பற்றி, தூரத்தை யார் கணக்கில் அளந்த எவரும் அக்கறைப்படவில்லை.

அந்த நாட்களைப் பற்றிய இன்னொன்றும் சொல்லப்பட வேண்டும். எடுத்துச் செல்ல முடியாமல் கட்டடங்களுக்குக் கிட்டக் கிடந்த, பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பூர்வகுடி வீரர்களின் தலைகளை வெட்டிக் குதிரைப் பட்டியின் கம்பங்களில் குத்தி வைத்தார்கள். வீரக்கதையாக இதைச் சொல்பவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதே சண்டையில் காணாமற்போன டிக்சனின் வேட்டை நாய் பிறகொரு நாள் தன் குட்டிகளோடு திரும்பி வந்ததையும், அந்த முரட்டு மனிதர்கள் அவற்றை ஆசையோடு கொஞ்சியதையும் அவர் விரிவாகச் சொல்கிறார். இரண்டும் ஒரே மனிதர்கள்.

அந்தத் தாக்குதலைக் காரணமாக வைத்து அரசு பெரும் படையை அனுப்பியது. டிக்சன் ஜெனரல் மைல்ஸின் படையில் சாரணராகச் சேர்ந்தார். செப்டெம்பர் 12ஆம் திகதி தகவல் கொண்டுபோன ஆறு பேர் வெட்டவெளியில் நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் மாட்டிக்கொண்டார்கள். எருமை புரண்டு புரண்டு உண்டான ஒரு பள்ளத்துக்குள் பாய்ந்து, கத்தியாலும் கையாலும் மண்ணைத் தோண்டி வரம்பு கட்டினார்கள். பங்கர் வெட்டியவர்களுக்கு அந்த அவசரம் விளங்கும். பின்னேரம் மழை பெய்தது. பள்ளத்தில் நின்ற, இரத்தம் கலந்த தண்ணீரையே குடித்தார்கள். வெளியே காலுடைந்து கிடந்த அமோஸ் சாப்மனை டிக்சன் போய் முதுகில் தூக்கி வந்தார். ஒருவர் அன்றிரவு இறந்தார். சாப்மன் பிறகு ஒரு காலை இழந்தார். ஆறு பேருக்கும் அமெரிக்காவின் மிக உயர்ந்த படைவிருதான மெடல் ஒஃப் ஓனர் கிடைத்தது.

அதே செப்டெம்பர் 28இல் கேணல் மெக்கன்சியின் படை பாலோ டூரோ என்ற பள்ளத்தாக்கில் தங்கியிருந்த குடும்பங்களைத் தாக்கியது. உயிரிழப்பு அதிகமில்லை. ஆனால் கூடாரங்களும் குளிர்காலத்துக்குச் சேர்த்த உணவும் எரிக்கப்பட்டன. பிடிபட்ட குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை சுட்டுக் கொல்லப்பட்டன. எருமையும் இல்லை, குதிரையும் இல்லை, குளிர் வருகிறது. 1875 ஜூனில் குவானா தன் மக்களோடு சரணடைந்தார். 1870களின் இறுதிக்குள் தெற்கு மந்தை முடிந்துபோயிற்று. 1889இல் வில்லியம் ஹோர்னடே என்பவர் எண்ணியபோது, ஒருகாலம் கோடிக்கணக்கில் இருந்த மிருகம் வட அமெரிக்கா முழுவதிலும் சுமார் 1,100 மட்டுமே மிஞ்சியிருந்தது. உடன்படிக்கையின் நிபந்தனை காலாவதியாகி அப்போது பத்து வருடங்கள்.

டிக்சன் 1883 வரை படைக்குச் சாரணராக இருந்தார். பிறகு எங்கே போய்க் குடியேறினார் என்று பார்த்தால், அதே அடோபி வோல்ஸ். ஓடைத் தண்ணீரை வெட்டி எடுத்துப் பழத்தோட்டம் போட்டார். குதிரைகளுக்குப் புல் பயிரிட்டார். பல வருடங்கள் அவ்விடத்துத் தபால் அதிபர். 1894இல் ஒலிவ் கிங் என்ற பாடசாலை ஆசிரியையைத் திருமணம் செய்தார். அந்த மாவட்டம் முழுவதிலும் கொஞ்சக் காலம் அவர் ஒருவரே பெண்ணாம். 1901இல் மாவட்டத்தின் முதலாவது ஷெரீப் ஆனார். அந்தப் பதவி பிடிக்காமல் விரைவில் விட்டுவிட்டார். அந்த மண்ணில் அவருக்கு உண்மையான அன்பு இருந்தது என்பது வாசிக்கும்போது தெரிகிறது. யாருமற்றுத் திரிந்த ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்த வீடு. அது யாருடைய வீடாக இருந்தது என்ற கேள்விதான் என்னை விடவில்லை. எங்கள் ஊர்களில் பற்றை வெட்டித் துப்பரவாக்கிய காணிகளுக்குள் இன்னொருவருடைய கிணற்றுக் கட்டைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பிள்ளைகள் ஏழு பேர். அவர்களின் படிப்புக்காக 1902இல் ஒரு சிறு பட்டினத்துக்கு மாறினார். பட்டின வாழ்க்கை ஒத்துவரவில்லை. 1906இல் ஒக்லஹோமாவின் மேற்கு மூலையில் அரசு கொடுத்த காணியொன்றில் போய் இருந்தார். ஏறத்தாழ வறுமைதான். ஓய்வூதியம் ஒன்று வாங்கிக் கொடுக்க நண்பர்கள் முயன்றுகொண்டே இருந்தார்கள். போர் முடிந்த பின் சண்டையிட்டவனை எந்த அரசும் அவ்வளவு அவசரமாக நினைப்பதில்லை போலும்.

அதே ஒக்லஹோமாவில் 1907 ஒக்டோபரில், நியூயோர்க் மிருகக்காட்சிசாலையில் வளர்த்த பதினைந்து காட்டெருமைகள் புகையிரதத்தில் வந்து இறங்கின. அவற்றை அழிவிலிருந்து மீட்கக் காட்டில் விடும் திட்டம். பார்க்க வந்த கொமாஞ்சி மக்களில் குவானாவும் இருந்தார். முதியவர்கள் அந்த மிருகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். பிள்ளைகள் அதைக் கதையில் மட்டுமே கேட்டிருந்தார்கள்.

டிக்சன் 1913 மார்ச் 9ஆம் திகதி நிமோனியாவில் இறந்தார். அவர் சொல்லச் சொல்ல ஒலிவ் எழுதிய நூல் அடுத்த வருடம் அச்சானது. ஒலிவ் அதை எழுதாதிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. மறுபக்கத்தில் இறந்தவர்களுக்கு அப்படி உட்கார்ந்து எழுத யாரும் இருக்கவில்லை. அவர்களுடைய நினைவு பெரும்பாலும் வாய்வழியாகவே வந்தது. 1917இல் இராணுவம் பழைய விருதுகளை மீள ஆராய்ந்தபோது, டிக்சன் சிப்பாய் அல்ல, கூலிக்கு வந்த சிவிலியன் என்று கூறி அவருடைய பெயரையும் சாப்மனுடைய பெயரையும் பட்டியலிலிருந்து வெட்டியது. 1989இல் மறுபடி சேர்த்தது.

1929 ஜூன் 27ஆம் திகதி, தாக்குதல் நடந்து ஐம்பத்தைந்து வருடங்கள் நிறைந்த நாளில், அவருடைய எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டு அடோபி வோல்ஸுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே புதைக்கப்பட்டன. வேட்டைக்காரர்களுக்கான நினைவுக்கல் 1924 முதலே அங்கே நின்றது. அங்கே விழுந்த கொமாஞ்சி, செயென் வீரர்களுக்கான கல்லை அதற்குப் பல வருடங்களின் பிறகே வைத்தார்கள்.